பதிவேடும் தன்னுரிமையும்: மைசூர்க் காவல் சட்டத்தின் வழியே திருநங்கையர் உரிமை வரலாறு

முன்னுரை

ஒருவரின் பெயரை ஏட்டில் எழுதுவது அரசின் தொன்மையான தொழில்களுள் ஒன்று. நிலவரிக்காகவும் குடிமதிப்பிற்காகவும் வாக்குரிமைக்காகவும் பெயர்கள் எழுதப்படுகின்றன. குற்றம் எதுவும் செய்யாத நிலையிலும் ஐயத்தின் பேரில் ஒருவரின் பெயரை எழுதிவைக்கும் ஏடும் உண்டு. இந்தியத் திருநங்கையர்க்கும் காவல்துறைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக நிலவிவரும் உறவு, இத்தகைய ஏட்டினைச் சுற்றியே அமைந்துள்ளது. 1871இல் வடஇந்தியாவில் தோன்றிய அவ்வேடு, 1919இல் ஹைதராபாத் நாட்டிலும் 2011இல் கர்நாடகத்திலும் மீண்டும் தலைகாட்டியது. இறுதியாகத் தோன்றியபோது அது இடம்பெற்ற சட்டம், 'மைசூர்க் காவல் சட்டம்' என்னும் பெயரில் 1963இல் இயற்றப்பட்டதாகும். மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1 அன்று கர்நாடகம் எனப் பெயர் மாறியதை அடுத்துச் சட்டத்தின் பெயரும் கர்நாடகக் காவல் சட்டம் என மாறிற்று.

இச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 36அ பிரிவின் பாடத்தை அதன் முன்னோடிப் பாடங்களோடு ஒப்பிட்டு நோக்குவதும், அதற்கு எதிராக நீதிமன்றங்களிலும் மைசூர் நகரிலும் எழுந்த மாற்றுமரபினைக் காண்பதும், காவல்துறையின் முன் நிற்கும் திருநங்கைக்குச் சட்டம் வழங்கும் காப்புகளைத் தொகுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இலக்கண நூலாரின் நோக்கு

சட்டப் பாடங்களுக்குள் நுழையுமுன், இப்பொருள் குறித்துத் தமிழ் இலக்கண மரபு கொண்டிருந்த நிலைப்பாட்டைச் சுட்டுவது பொருந்தும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணைக்குள் வைக்கிறது. அப்பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைக்குரிய பால் ஈறுகளைப் பெற்று வழங்கும் என்றும், ஆண்பால் அறிசொல் அவற்றிற்குப் பொருந்தாது என்றும் கூறுகிறது. கங்க மரபினனான சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய நன்னூல், இதனை மேலும் ஒரு படி கொண்டுசெல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால் எனவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவது பெண்பால் எனவும் வகுக்கும் அந்நூல், அஃறிணை முடிபும் இவர்களுக்கு உண்டெனச் சேர்த்துக் கூறுகிறது.

இலக்கணம் சட்டமாகாது, இலக்கணத்தில் இடம் பெற்றோர் சமூகத்திலும் இடம் பெற்றிருந்தனர் எனக் கொள்வதும் பிழையாகும். நன்னூலார் கூறும் அஃறிணை முடிபே அதற்கு எச்சரிக்கையாக நிற்கிறது. எனினும் பாலினை முடிவு செய்யும் அளவுகோலாக உடலைக் கொள்ளாது 'அவாவுதல்' என்னும் உள்ளத்தின் விழைவை நன்னூலார் கொண்டமை ஈண்டு நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் இதற்கு நேர்மாறான அளவுகோலைத் தேர்ந்தது.

1871ஆம் ஆண்டுச் சட்டம்

1871ஆம் ஆண்டின் 27ஆம் சட்டம் பொதுவாகக் குற்றப்பரம்பரைச் சட்டம் என்றே அறியப்படுகிறது. அதன் முழுப்பெயரில் குற்றப்பரம்பரையினரோடு 'யூனக்' என்னும் சொல்லும் இணைத்துக் கூறப்பட்டிருந்ததைப் பலரும் கவனிப்பதில்லை. சட்டத்தின் இரண்டாம் பகுதி முழுவதும் அவர்களைப் பற்றியது. தாமே ஒப்புக்கொள்வோரும், மருத்துவச் சோதனையில் ஆண்மையற்றவர் எனத் தெளிவாகத் தோன்றுவோருமாகிய ஆண்கள் அச்சொல்லில் அடங்குவர் என அப்பகுதி வரையறுத்தது. உள்ளத்தின் விழைவு என்னும் அளவுகோல் நீங்கி, மருத்துவர் கையால் சோதிக்கப்படும் உடல் அளவுகோலாயிற்று.

இவ்வரையறைக்குட்பட்டவர்களுள், சிறுவரைக் கடத்துதல், ஆண்மை நீக்குதல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்கீழ் வரும் குற்றங்களைச் செய்தல் அல்லது அவற்றிற்கு உடந்தையாதல் ஆகியவற்றில் ஐயத்திற்கு இடமானவர்களின் பெயர், இருப்பிடம் கொண்ட பதிவேடு பேணப்பட வேண்டும் எனச் சட்டம் ஆணையிட்டது. பதிவேட்டில் பெயர் இருப்பவர் பொதுவிடத்தில் பெண்ணுடை அணிந்தாலோ ஆடிப்பாடினாலோ பிடியாணையின்றிக் கைது செய்யப்படலாம். இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். அவர் மகவேற்கவும் விருப்ப ஆவணம் எழுதவும் கொடை வழங்கவும் சிறுவர்க்குக் காப்பாளராகவும் இயலாது. குரு - சேலா உறவின் வழியே சொத்தும் பொறுப்பும் கைமாறிவந்த ஒரு சமூகத்திற்கு, இத்தடைகள் அதன் தொடர்ச்சியையே அறுப்பனவாக அமைந்தன. காலனிய அலுவலர்கள் இச்சமூகம் காலப்போக்கில் அற்றுப்போவதையே இலக்காகக் கொண்டிருந்தனர் என ஜெசிகா ஹிஞ்சி 2019இல் வெளியிட்ட ஆய்வுநூலில் நிறுவியுள்ளார்.

இப்பகுதி வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அவுத் ஆகியவற்றை நோக்கமாகக் கொண்டு இயற்றப்பட்டது. அப்போது ஆங்கில ஆணையரின் நேரடி ஆட்சியில் (1831-1881) இருந்த மைசூர் நாடு அதன் எல்லைக்குள் வரவில்லை. 1911இல் குற்றப்பரம்பரைச் சட்டம் புதுக்கி இயற்றப்பட்டபோது இரண்டாம் பகுதி கைவிடப்பட்டது. அதாவது, மைசூர் மண்ணில் காலனிய அரசு பேணாத பதிவேடு, வடஇந்தியாவிலும் 1911இல் சட்டத்தை விட்டு நீங்கிற்று.

கைராத்தி வழக்கு

பதிவேடு எவ்வாறு நடைமுறையில் இயங்கியது என்பதற்கு 1884இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த 'அரசி எதிர் கைராத்தி' வழக்கு சான்றாகிறது. கைராத்தி காவல்துறையின் கண்காணிப்பில் இருந்தவர். பெண்ணுடையில் பாடியதற்காகப் பிடிக்கப்பட்டு மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். அச்சோதனையின் அடிப்படையில் 377ஆம் பிரிவின்கீழ் அமர்வு நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. குற்றம் நடந்த காலம், இடம், தொடர்புடைய மற்றொருவர் என எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதால் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இவ்விடுதலையைக் கைராத்தியின் வெற்றியாக மட்டும் காண இயலாது. செயல் எதுவும் காட்டப்படாத நிலையிலும், உடையும் உடலும் சேர்ந்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியும் என்னும் எண்ணம் காவல் நிலையத்திலும் கீழமை நீதிமன்றத்திலும் வேரூன்றியிருந்தமையை இவ்வழக்கு காட்டுகிறது. மேல்முறையீடு செய்ய வழியற்ற எண்ணற்றோர்க்கு இவ்வெண்ணமே இறுதித் தீர்ப்பாக அமைந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

ஹைதராபாத்தும் மைசூரும்

வடக்கில் கைவிடப்பட்ட எட்டாண்டுகளுக்குள், நிஜாம் ஆட்சியில் பசலி 1329, அதாவது 1919இல், இதே உள்ளடக்கம் கொண்ட சட்டம் ஹைதராபாத் நாட்டில் இயற்றப்பட்டது. பதிவேடு, பெண்ணுடைக்குத் தண்டனை, பிடியாணையின்றிக் கைது ஆகிய மூன்றும் அதிலும் இருந்தன. விடுதலைக்குப் பின்னும் ஆந்திரப் பிரதேசத் தெலங்கானாப் பகுதிச் சட்டம் என்னும் பெயரில் அது ஏட்டில் நீடித்தது. நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த பீதர், ராய்ச்சூர், குல்பர்கா முதலிய கன்னடப் பகுதிகள் 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு இணைந்தன. வெவ்வேறு ஆட்சிகளின் கீழிருந்த பகுதிகளுக்கெல்லாம் பொதுவான காவல் சட்டம் தேவைப்பட்ட சூழலிலேயே 1963ஆம் ஆண்டின் மைசூர்க் காவல் சட்டம் பிறந்தது. அதன் மூலப்பாடத்தில் திருநங்கையரைப் பற்றிய 36அ பிரிவு இல்லை.

தனிப்பிரிவு இல்லாமையால் காவல்துறையின் கை தடுக்கப்பட்டுவிடவில்லை. பொது அமைதி குறித்த பிரிவுகளும், 1975ஆம் ஆண்டின் கர்நாடக இரவலர் தடைச் சட்டமும், ஒழுக்கக்கேடான வணிகத் தடைச் சட்டமும் அதற்கு வழி செய்தன. இறுதியாகச் சொன்ன சட்டம் 1956இல் இயற்றப்பட்டபோது பெண்களையும் சிறுமியரையும் மட்டுமே குறித்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொற்களுக்கு ஈடாக 'நபர்' என்னும் பொதுச்சொல்லை இட்டபோது திருநங்கையரும் அதன் எல்லைக்குள் வந்தனர். பொதுச்சொல் ஒன்று எவ்வாறு வலையின் அகலத்தைக் கூட்ட வல்லது என்பதை இது உணர்த்துகிறது. இதே சொல் முப்பதாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு திருத்தத்தில் இடம்பெற்றது.

காவல் நிலையங்களில் நிகழ்ந்தவற்றை முதன்முதலாக முறைப்படித் தொகுத்துக் காட்டியது, மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை 2003இல் வெளியிட்ட அறிக்கையாகும். பெங்களூரின் ஹிஜ்ராக்கள், கோத்திகள் ஆகியோரிடம் பெற்ற வாய்மொழிகளின் வழியே அடித்தல், பணம் பறித்தல், ஆடை களைதல், பாலியல் வன்முறை, பொய்வழக்கு ஆகியவற்றை அது பதிவுசெய்தது. மறு ஆண்டில் பெங்களூரில் வாழ்ந்துவந்த தமிழ் எழுத்தாளர் அ. ரேவதி, தம் சமூகத்தினரின் வாழ்வனுபவங்களைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' என்னும் நூலாக்கினார். அவருடைய தன்வரலாறு 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும், 2011இல் 'வெள்ளை மொழி' எனத் தமிழிலும் வெளிவந்தது. காவலரின் பதிவேடு ஐயத்தின் கதையை எழுதியது என்றால், இந்நூல்கள் அதே காவல் நிலையத்தை உள்ளிருந்தவரின் சொல்லால் எழுதின. சட்ட வரலாற்றாய்வில் தமிழ்த் தன்வரலாறுகள் சான்றாதாரமாகப் பயன்படும் இடம் இதுவாகும்.

2008 அக்டோபர் 20 அன்று பெங்களூர் கிரிநகர்க் காவல்துறையினர் திருநங்கையர் ஐவரைப் பிடித்துச் சென்றனர். அவர்களைக் காணச் சென்ற உரிமைச் செயற்பாட்டாளர்களும் தாக்கப்பட்டுக் கைதாயினர். ஒருவரைக் கைது செய்தபின் அவர்சார்பில் வினவ வருவோர்க்கும் அதே நிலை நேரும் எனில், கைது பற்றிய சட்டக் காப்புகள் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதை அந்நிகழ்வு வெளிப்படுத்திற்று.

36அ: ஒரு பாட ஒப்பீடு

இச்சூழலில், 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி கர்நாடகக் காவல் சட்டத்தில் 36அ பிரிவு சேர்க்கப்பட்டது. 'யூனக்குகளின் விரும்பத்தகாத செயல்களைத்' தடுக்கவும் கட்டுப்படுத்தவும் காவல் ஆணையர் அரசிதழ் அறிவிக்கையின் வாயிலாக ஆணை பிறப்பிக்கலாம் என்பது அதன் சாரம். ஆணையர் தலைமையிலான காவல் அமைப்பைக் கொண்ட நகரங்களுக்கே இவ்வதிகாரம் உரியது; மைசூர் நகரம் அவற்றுள் ஒன்று.

இப்பிரிவை 1871ஆம் ஆண்டுப் பாடத்தோடு ஒப்பிடும்போது நான்கு கூறுகள் தெளிவாகின்றன.

முதலாவது, ஐயத்திற்குரிய குற்றங்களின் பட்டியல். கடத்துதல், ஆண்மை நீக்குதல், இயற்கைக்கு மாறான குற்றங்கள் ஆகியவை இரு பாடங்களிலும் அதே வரிசையில் வருகின்றன. 2011ஆம் ஆண்டுப் பாடம் இவற்றோடு 'வேறு எக்குற்றமும்' என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. காலனியப் பாடம் இட்டிருந்த எல்லையும் இதனால் நீங்கிவிடுகிறது.

இரண்டாவது, பதிவேட்டின் உள்ளடக்கம். பெயரும் இருப்பிடமும் என்னும் தொடர் இரு பாடங்களுக்கும் பொதுவானது. வாடகை வீடு கிடைப்பதே அரிதான ஒரு சமூகத்தின் இருப்பிடத்தைக் காவல்துறை குறித்துவைப்பது, வீட்டு உரிமையாளர் அவர்களை வெளியேற்றுவதற்குக் காரணமாகிவிடும் என்பது வெளிப்படை.

மூன்றாவது, ஆட்சேபம். பதிவேட்டில் சேர்க்கப்பட்டவர் தம் பெயரை நீக்கக் கோரலாம் என்னும் வழிவகை இரண்டிலும் உண்டு. குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசுடையது என்னும் பொதுவிதி இங்குத் தலைகீழாகிறது. குற்றமின்மையைக் காட்டும் சுமை பதிவு செய்யப்பட்டவரின் தலையில் விழுகிறது.

நான்காவது, தடைகள். 1871ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுடை, ஆடல், மகவேற்பு எனத் தடைகளைப் பெயர் சுட்டிக் கூறியது. 36அ பிரிவோ, ஆணையில் குறிக்கப்படும் செயல்கள் எவையோ அவற்றைத் தடை செய்யலாம் என்று மட்டும் கூறி, எஞ்சியதை ஆணையரின் விருப்பிற்கு விட்டது. சட்டமன்றம் வரையறுக்க வேண்டிய குற்றத்தை அலுவலர் ஒருவரே வரையறுக்கும் நிலை இதனால் உண்டாயிற்று.

இவ்வொப்புமைகளைத் தற்செயலானவையாகக் கொள்வது கடினம். 1911இல் சட்ட நூலிலிருந்து நீங்கிய பாடம், சரியாக நூறாண்டுகள் கழித்து, முன்னர் அது சென்றிராத மைசூர் நகருக்கும் பொருந்தும் வகையில் மறுபிறப்பெடுத்தது. காலனியச் சட்டங்கள் காலனியத்தோடு முடிந்துவிட்டன என்னும் பொதுக்கருத்தை 36அ பிரிவு மறுக்கிறது.

மைசூர் நகரின் மாற்றுமரபு

பதிவேட்டின் வரலாற்றில் மைசூர் நகரம் வேறொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. எச்.ஐ.வி. தடுப்புப் பணியாக 2004இல் இந்நகரில் தொடங்கப்பட்ட திட்டம் ஒன்று, பாலியல் தொழிலாளரான பெண்கள், ஆண்கள், திருநங்கையர் ஆகியோர் தாமே நடத்தும் 'அசோதயா சமிதி' என்னும் அமைப்பாக உருப்பெற்றது. நோய்த்தடுப்பிற்குப் பெருந்தடையாக நின்றது வன்முறை என்பதை இவ்வமைப்பினர் தம் பட்டறிவால் கண்டனர். காவலரிடம் அடிபடும் அச்சத்தில் ஒளிந்து வாழ்பவர் மருத்துவமனையை நாடுவதில்லை. ஆகவே ஒருவர் பிடிக்கப்பட்டாலோ தாக்கப்பட்டாலோ உடனடியாகச் சென்று உதவும் குழுக்களை அமைத்தனர். காவல்துறையினரோடு தொடர்ந்து உரையாடினர். இம்முயற்சிகள் வன்முறையைக் கையாண்ட விதம் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2012இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது.

மாநிலக் காவல் அலுவலர்க்குப் பயிற்சி தரும் கர்நாடகக் காவல் கழகமும் இந்நகரிலேயே உள்ளது. சட்டம் பதிவேட்டு அதிகாரத்தை வழங்கிய அதே காலப்பகுதியில், அச்சட்டத்தின் இலக்கானோர் காவல் அலுவலரோடு நேர்நின்று பேசும் மரபினை மைசூரில் உருவாக்கிக்கொண்டிருந்தனர் என்பது வரலாற்றின் முரண். நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு முன்னரே உரிமைகள் தெருவிலும் காவல் நிலைய வாயிலிலும் பேசிப் பெறப்பட்டன என்பதற்கு இது சான்று.

நீதிமன்றங்களின் வழி

காவலில் திருநங்கையர் படும் துன்பத்திற்கு அரசே பொறுப்பு என்பதைத் தமிழகத்தில் உறுதிப்படுத்தியது, 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய 'ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு' தீர்ப்பாகும். திருட்டு ஐயத்தின் பேரில் 2006இல் சென்னையில் அழைத்துச் செல்லப்பட்ட திருநங்கை ஒருவர், காவல் நிலையத்தில் தொடர்ந்து பாலியல் வதைக்கு ஆளாகித் தீக்குளித்து இறந்தார். அவர்தம் உடன்பிறந்தவர் தொடுத்த வழக்கில் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றத்தின் நீதியரசர்கள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகியோர் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கில் அளித்த தீர்ப்பு, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கைராத்தி வழக்கையும் நினைவுகூர்ந்து, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தேர்ந்துரைக்கும் உரிமை அரசியலமைப்பின் 14, 15, 16, 19, 21ஆம் உறுப்புகளில் அடங்கும் என நிறுவியது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்று, சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் எஸ். நாகமுத்து 'நங்கை எதிர் காவல் கண்காணிப்பாளர்' வழக்கில் தீர்ப்பு வழங்கினார். பெண் காவலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மருத்துவச் சோதனையின் அடிப்படையில் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அந்நீக்கம் செல்லாது எனவும், பெண் எனத் தம்மை உணரும் உரிமை அவருக்கு உண்டு எனவும் நீதிமன்றம் கூறிற்று. 1871இல் சட்ட அளவுகோலாக அமைந்த மருத்துவச் சோதனை, 143 ஆண்டுகளுக்குப் பின் அதே வன்மையோடு ஒருவர் வாழ்வில் குறுக்கிட்டதும், அது மறுக்கப்பட்டதும் இவ்வழக்கை வரலாற்று நோக்கில் முதன்மையாக்குகின்றன. நன்னூலாரின் 'அவாவுதல்' என்னும் அளவுகோல் நவீனச் சட்டத்தில் வேறு சொற்களில் இடம்பெற்றது எனலாம்.

தீர்ப்புகள் உடனடியாகத் தெருவை எட்டிவிடவில்லை. அதே 2014ஆம் ஆண்டு நவம்பரில் பெங்களூரில் நூற்றுக்கும் மேற்பட்ட திருநங்கையர் திரட்டப்பட்டு இரவலர் இல்லத்தில் அடைக்கப்பட்டனர். 36அ பிரிவை எதிர்த்துக் கர்நாடகப் பாலியல் சிறுபான்மையினர் மன்றம் 2015இல் உயர்நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு நிலுவையில் இருக்கையில், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 'யூனக்' என்னும் சொல் நீக்கப்பட்டு 'நபர்' என்னும் சொல் இடப்பட்டது. 2017இல் வழக்கு முடிவுற்றது.

இத்திருத்தத்தைச் சற்று நுணுகி நோக்க வேண்டும். இழிவுச்சொல் நீங்கியது, ஒரு சமூகத்தையே குற்றக்குழுவாகச் சுட்டிய குறை களையப்பட்டது. ஆனால் ஐயத்தின் பேரில் பெயரும் இருப்பிடமும் எழுதிவைக்கும் அதிகாரத்தின் கட்டமைப்பு அத்திருத்தத்தால் தகர்க்கப்படவில்லை. அதற்கு மாறாக, 1919ஆம் ஆண்டு ஹைதராபாத் சட்டத்தைத் தெலங்கானா உயர்நீதிமன்றம் 2023 ஜூலையில் அரசியலமைப்பிற்கு முரணானது என முழுமையாகச் செல்லாததாக்கியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு பாடங்களுள் ஒன்று சொல்மாற்றத்தாலும் மற்றொன்று முற்றழிப்பாலும் முடிவு கண்டன. சொல்லை மாற்றுவதும் அதிகாரத்தை மாற்றுவதும் ஒன்றல்ல என்பது இவ்விரு முடிவுகளின் ஒப்பீட்டால் புலனாகும்.

காவல் நிலையத்தில் சட்டக் காப்புகள்

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்கு ஈடாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், தண்டனைச் சட்டத்திற்கு ஈடாக பாரதிய நியாய சன்ஹிதாவும் நடைமுறைக்கு வந்தன. பின்னதன் 2ஆம் பிரிவு, பாலினம் என்னும் சொல்லின் விளக்கத்தில் ஆண், பெண் ஆகியோரோடு திருநரையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. 377ஆம் பிரிவிற்கு நிகரான பிரிவு அதில் இல்லை.

கைது செய்யப்படும் எவருக்கும் உரிய காப்புகள் திருநங்கைக்கும் முழுமையாக உரியன. கைதின் காரணத்தை அறியவும், 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்தப்படவும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு உரிமை தருகிறது. 1996ஆம் ஆண்டின் டி.கே. பாசு தீர்ப்பு வகுத்த கைதுக்குறிப்பு, காவலரின் பெயர்ப்பட்டை, 48 மணி நேரத்திற்கொருமுறை மருத்துவப் பரிசோதனை ஆகியவை இக்காப்புகளை நடைமுறைப்படுத்த எழுந்தவை. இலவசச் சட்ட உதவி, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் உள்ள எவருக்கும் உண்டு.

இவற்றுள் ஒன்று திருநங்கையர்க்குத் தனிச்சிறப்புடையது. கைதுச் செய்தியை உறவினர்க்கு மட்டுமன்றி, நண்பர்க்கோ கைதானவர் குறிப்பிடும் வேறொருவர்க்கோ அறிவிக்கக் காவலர் கடமைப்பட்டவர் என 48ஆம் பிரிவு கூறுகிறது. பிறந்த வீட்டால் ஒதுக்கப்பட்டவர் தம் குருவையோ உடன்வாழ்வோரையோ பெயர் சுட்டலாம். 1871ஆம் ஆண்டுச் சட்டம் அறுக்க முனைந்த குரு - சேலா உறவு, இவ்வழியே சட்டத்தின் ஏற்பைப் பெற வாய்ப்புண்டு.

பெண்ணின் உடலைப் பெண்ணே சோதிக்க வேண்டும் என்பதும், கதிரவன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்யலாகாது என்னும் பொதுவிதியும் திருநங்கையைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒளியில் இவற்றைப் பொருள்கொள்ள வேண்டியுள்ளது. 2022 ஜனவரியில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் சிறைகளுக்கு விடுத்த அறிவுறுத்தல், திருநர் விரும்பும் பாலினத்தவரைக் கொண்டோ மருத்துவப் பணியாளரைக் கொண்டோ சோதனை நடத்துமாறு கூறியது. காவல் நிலையங்களுக்கும் இதனைச் சட்டமாக்குவது எஞ்சியுள்ள பணியாகும்.

முறையீடு செய்யவரும் திருநங்கையின் நிலையும் இதற்கு இணையாக முதன்மையானது. பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய செய்தி கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம் எனப் புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு கூறுகிறது. மறுக்கப்பட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரையும், அதன்பின் நடுவரையும் அணுகலாம். 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (2019), அவர்களைத் துன்புறுத்துதல், பொதுவிடத்தை மறுத்தல், இருப்பிடத்திலிருந்து வெளியேற்றுதல் ஆகியவற்றிற்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை தண்டனை வகுத்தது. பாலியல் வன்முறையும் அதே தண்டனை எல்லைக்குள் அடக்கப்பட்டமை, பெண்ணுக்கெதிரான வன்புணர்ச்சிக்குக் குறைந்தது பத்தாண்டு என்னும் விதியோடு ஒப்பிடுகையில், பெரும் ஏற்றத்தாழ்வாகும். 2020ஆம் ஆண்டு விதிகள் மாவட்டந்தோறும் ஆட்சியரின் கீழும், மாநில அளவில் காவல்துறைத் தலைமை இயக்குநரின் கீழும் திருநர் பாதுகாப்புப் பிரிவு அமைக்கப் பணித்தன.

பணியில் உள்ள காவலரின் ஒழுங்கைப் பொறுத்தவரை, சுஷ்மா வழக்கில் 2021இல் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணைகளின் தொடர்ச்சியாகத் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 2022இல் 24சி விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரைத் துன்புறுத்துவது ஒழுங்குமீறல் என அது கூறுகிறது. கர்நாடகத்திலோ, 36அ பிரிவை ஏற்ற அதே காவல் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி மாநில, மாவட்டக் காவல் முறையீட்டு ஆணையங்களுக்கும் இடம் செய்யப்பட்டது. காவலர் குடிமக்களைப் பதியும் ஏட்டுக்கும், குடிமக்கள் காவலர்மீது முறையிடும் மன்றத்திற்கும் ஒரே சட்டம் அடுத்தடுத்த ஆண்டுகளில் இடமளித்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. 36அ பிரிவின் பாடம் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்தது. காலனியக் காலத்தில் மைசூரை எட்டாத அப்பதிவேடு, விடுதலை பெற்ற நாட்டின் சட்டத்தாலேயே அந்நகருக்கு உரியதாயிற்று. உடலை அளவுகோலாகக் கொண்ட அம்மரபை, உள்ளத்துணர்வை அளவுகோலாகக் கொண்ட 2014ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் மறுத்தன. மைசூரின் அசோதயா போன்ற அமைப்புகள் தீர்ப்புகளுக்கு முன்னரே காவல்துறையோடு நேர்நின்று பேசி உரிமைக்கு வழி வகுத்தன.

2021இல் கர்நாடக அரசு குடிமைப் பணிகளில் திருநர்க்கு ஒரு விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கியது. அதே ஆண்டிறுதியில் மாநிலச் சிறப்பு ரிசர்வ் காவல்படையின் துணை ஆய்வாளர் பணிக்கு அவர்களிடமிருந்து விண்ணப்பங்கள் கோரப்பட்டன. தமிழகத்தில் பிரித்திகா யாசினி 2017இல் துணை ஆய்வாளராகப் பணியேற்றிருந்தார். காவல்துறையின் ஏட்டில் திருநங்கையின் பெயர் ஐயத்திற்குரியவர் பட்டியலில் எழுதப்பட்ட காலம் உண்டு. பணியாளர் பட்டியலில் எழுதப்படும் காலம் தொடங்கியுள்ளது. ஆயினும் 36அ பிரிவில் 'நபர்' என்னும் சொல்லின் பின்னால் எஞ்சிய பதிவேட்டு அதிகாரம் ஹைதராபாத் சட்டத்தைப் போல் முழுமையாக நீக்கப்படும் வரை, நூற்றைம்பது ஆண்டு கால அவ்வேடு மூடப்பட்டுவிட்டதாகக் கொள்ள இயலாது.